எஸ்எம்பிஎஸ் கம்பிகளுக்கு வீட்டிலேயே பாராகார்ட் உறை போடுவது: எங்கிருந்து தொடங்குவது?

நூல்கண்டு:

அனைவருக்கும் வணக்கம். சென்ற மாதம் முதன்முறையாக ஒரு கணினியை நானே பாகம் பாகமாக வாங்கிப் பொருத்தி முடித்தேன். கேபினெட்டின் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடி என்பதால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) வரும் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, கறுப்புக் கம்பிகள் அப்படியே கண்ணில் படுகின்றன. உறை போட்ட கம்பிகள் ஆயத்தமாகவே கடைகளில் கிடைக்கின்றன என்பது தெரியும். ஆனாலும் இந்த வேலையைக் கையால் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசையில் கறுப்பு நிறத்திலும் சாம்பல் நிறத்திலும் 550 பாராகார்ட் (பாராசூட் வகை நைலான் கயிறு) தலா 30 மீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன்.

என்னுடைய எஸ்எம்பிஎஸ்ஸில் கம்பிகளைக் கழற்ற முடியாது. எல்லாம் பெட்டிக்குள்ளிருந்தே வருகின்றன. அந்தக் கம்பிகளின் மேலேயே உறையை ஏற்றலாமா, அல்லது தனியாக நீட்டிப்புக் கம்பி செய்துகொள்வது நல்லதா? கனெக்டரிலிருந்து பின்களைச் சேதமில்லாமல் கழற்றுவது எப்படி? நைலான் கயிற்றை மின்கம்பியின் மேல் போடுவதால் சூடு அடைபட்டு ஆபத்து வருமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மின்கம்பி:

நண்பரே, முதல் முயற்சி என்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்தக் கம்பிகளில் கை வைக்காதீர்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். உள்ளே இருக்கும் பெரிய மின்தேக்கியில் ஏறத்தாழ 400 வோல்ட் வரை மின்னூட்டம் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்கிவிடும் என்று நம்பிக் கை வைக்கக் கூடாது. உறை போடாத சாதாரண நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி, அதன் மேல் உறை போட்டுப் பழகுவதே என் யோசனை. தவறு நேர்ந்தால் அந்தக் கம்பி மட்டும்தான் வீணாகும், உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸின் உத்தரவாதத்துக்கும் பாதிப்பு வராது.

அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். 24 பின் கனெக்டருக்கு ஒன்று, பிராசஸருக்கான 8 பின் ஒன்று, கிராஃபிக்ஸ் கார்டுக்கான 8 பின் இரண்டு என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 48 கம்பிகள். ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் என்றால் 14.4 மீட்டர்தான் ஆகிறது. வெட்டும்போது வீணாவதையும் சேர்த்துப் பார்த்தாலும் உங்கள் கையிலிருக்கும் கயிறு தாராளமாகப் போதும்.

550 என்பது அந்தக் கயிறு தாங்கும் பவுண்டு கணக்கு, அதாவது ஏறத்தாழ 250 கிலோ. பாராசூட்டில் ஆளைத் தாங்குவதற்காகவே உருவான கயிறு என்பதால் அதன் பலம் முழுவதும் உள்ளே ஓடும் ஏழு சிறு புரிகளோடு சேர்த்துக் கணக்கிடப்பட்டது. நமக்கு வேண்டியது மேற்பின்னல் மட்டுமே. தேவையான நீளத்தைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி, ஒரு முனையில் உள்புரிகளை விரலால் பிடித்துக்கொண்டு பின்னலைப் பின்னோக்கித் தள்ளினால் அவை மொத்தமாக உருவிக்கொண்டு வந்துவிடும். நீளமான கயிற்றில் ஒரே முயற்சியில் உருவப் பார்த்தால் நடுவில் சிக்கிக்கொள்ளும். அதனால் முதலில் வெட்டுங்கள், பிறகு உருவுங்கள்.

அடுத்து, கம்பியை உள்ளே செலுத்துவது. பாவாடைக்கு நாடா கோர்த்துப் பழக்கம் இருந்தால் இதைப் புதிதாகக் கற்கவே தேவையில்லை. துணியைச் சுருக்கி, ஊக்கை முன்னே நகர்த்தி, சுருக்கத்தைப் பின்னால் இழுத்து விடுவதைப் போலவேதான் இங்கும் செய்ய வேண்டும். ஊக்கு இருக்கும் இடத்தில் இங்கே கம்பியின் முனையிலுள்ள பின் இருக்கிறது. அந்தப் பின்னின் இரு பக்கமும் மீன் தூண்டிலைப் போல முட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை பின்னலின் நூலைக் கொத்தி இழுத்து நாசமாக்கிவிடும். ஆகவே முனையை மெல்லிய டேப்பால் ஒரு சுற்றுச் சுற்றி மூடிவிட்ட பிறகே உள்ளே விடுங்கள்.

பின்னைக் கழற்ற தனிக் கருவி விற்கிறார்கள், கிடைத்தால் வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கனமான ஸ்டேப்ளர் பின்கள் இரண்டு போதும். கனெக்டரின் முகப்பில், பின்னின் இரு பக்கமும் உள்ள ஒடுங்கிய இடைவெளிகளில் அவற்றைச் செருக வேண்டும். செருகுவதற்கு முன் கம்பியைச் சற்றே உள்நோக்கித் தள்ளிக்கொண்டால் முட்களின் மேலுள்ள அழுத்தம் தளரும். பிறகு மெதுவாக இழுத்தால் வந்துவிடும். வரவில்லை என்று வலுவாக இழுத்தீர்களானால் கிரிம்ப் (பின்னைக் கம்பியோடு நசுக்கி இறுக்கிய இணைப்பு) கழன்று கம்பி மட்டும் கையோடு வரும். வெளியே வந்த பின்னின் முட்கள் மடங்கியிருக்கும். கத்தி முனையால் அவற்றை மீண்டும் வெளிப்பக்கமாக நிமிர்த்திவிட்டுப் பொருத்துங்கள். "டிக்" என்ற ஒலி கேட்க வேண்டும், இழுத்துப் பார்த்தால் அசையக் கூடாது. இதைச் செய்யாமல் விட்டால், மதர்போர்டில் கனெக்டரைச் செருகும்போது பின் பின்வாங்கிவிடும். வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

ஓம்விதி:

சூட்டைப் பற்றிய கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன்.

கிராஃபிக்ஸ் கார்டின் 8 பின் கனெக்டருக்கு வரையறுக்கப்பட்டது 150 வாட். 12 வோல்ட்டில் அது 12.5 ஆம்பியர். அந்த மின்னோட்டத்தை மூன்று கம்பிகள் பகிர்ந்துகொள்கின்றன, ஆக ஒரு கம்பிக்குச் சுமார் 4.2 ஆம்பியர். 18 கேஜ் (கம்பியின் தடிமனைக் குறிக்கும் அளவு) செம்புக் கம்பியின் மின்தடை ஒரு மீட்டருக்குச் சுமார் 21 மில்லி ஓம் என்பதால், 30 சென்டிமீட்டர் கம்பியில் வெப்பமாக வீணாவது ஒரு வாட்டில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான். அதுவும் ஓர் அடி நீளத்துக்குப் பரவிக் கிடக்கிறது. அதன் மேல் மெல்லிய நைலான் பின்னல் போடுவதால் கம்பி கொதித்துவிடாது. நைலானின் உருகுநிலை வகையைப் பொறுத்து 220 டிகிரிக்கும் 260 டிகிரிக்கும் இடையில் இருக்கிறது. அதற்கு மிக முன்பே கம்பியின் பிவிசி தோல் கெட்டுவிடும். கம்பியின் மேலேயே 80 டிகிரி என்றோ 105 டிகிரி என்றோ அச்சிட்டிருப்பதைப் பாருங்கள், நீங்கள் கவனிக்க வேண்டிய எல்லை அதுதான்.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. கம்பியும் பின்னும் சேரும் கிரிம்ப் தளர்ந்து, அங்கே 20 மில்லி ஓம் கூடுதல் தடை உண்டானதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே 4.2 ஆம்பியரில் ஓர் அரிசிமணி அளவுள்ள இடத்தில் மட்டும் மூன்றில் ஒரு வாட் வெப்பம் உண்டாகும். அது வெளியேற வழியில்லாமல் கனெக்டரின் பிளாஸ்டிக்குக்குள்ளேயே தேங்கும். கருகிப்போன கனெக்டர்களில் பெரும்பாலும் முதலில் பழுப்பேறுவது இந்த இடம்தான். எனவே உறையின் அழகில் செலவிடும் கவனத்தைவிட இரண்டு மடங்கு கவனத்தைக் கிரிம்ப்பில் செலவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

புதிதாகக் கம்பி வெட்டிக் கிரிம்ப் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பின்னில் இரண்டு ஜோடி மடிப்புகள் இருக்கும். முன் ஜோடி செம்பை இறுக்கிப் பிடிக்க வேண்டும், பின் ஜோடி தோலைப் பிடிக்க வேண்டும். சாதாரணக் குறட்டால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. ஜப்பானின் 'எஞ்சினியர்' நிறுவனத்தின் பிஏ-09 போன்ற கருவியில் இரண்டையும் தனித்தனியே அழுத்தலாம். கம்பி வாங்கும்போது தோலின் தடிமனையும் பாருங்கள். யுஎல்1007 வகை 18 கேஜ் கம்பி வெளிவிட்டத்தில் சுமார் 2 மில்லிமீட்டர், யுஎல்1015 வகை சுமார் 2.8 மில்லிமீட்டர். இரண்டாவது வகை உயர்ந்த தரம்தான் என்றாலும் பாராகார்டுக்குள் மிகவும் இறுக்கமாகப் போகும், தோலைப் பிடிக்க வேண்டிய மடிப்பும் சரியாக மூடாது.

பழையபெட்டி:

மேலே இருவரும் சொல்லாத ஒன்றை நான் சொல்லியாக வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு எஸ்எஸ்டியும் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் செலவாயின.

என்னுடையது கம்பிகளைக் கழற்றிக்கொள்ளும் மாடுலர் வகை. உறை போட்டு முடித்த சாட்டா கம்பி (டிஸ்க்குகளுக்கு மின்சாரம் தருவது) ஒன்றை, எஸ்எம்பிஎஸ் மாற்றிய பிறகு புதியதிலும் அப்படியே செருகினேன். கனெக்டர் தடையில்லாமல் உள்ளே போயிற்று. பட்டனை அழுத்தியதும் ஒரு சிறு ஒலி, பிறகு கருகிய வாடை. மதர்போர்டின் பக்கத்தில் உள்ள கனெக்டர்களுக்குத்தான் எல்லோருக்கும் பொதுவான விதி உண்டு. எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கத்தில் எந்தத் துளையில் 12 வோல்ட், எந்தத் துளையில் 5 வோல்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்கிறார்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்கூட அது மாறலாம். 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வோல்ட் வந்ததால் என் மூன்று டிஸ்க்குகளும் போயின. அவற்றில் ஒன்றில் என் மகளின் முதல் இரண்டு வருடப் புகைப்படங்கள் இருந்தன.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மஞ்சள் என்றால் 12, சிவப்பு என்றால் 5, ஆரஞ்சு என்றால் 3.3, கறுப்பு என்றால் தரை (கிரவுண்ட்), ஊதா என்றால் காத்திருப்பு 5 வோல்ட், பச்சை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பும் கம்பி. இந்த நிறங்களே கம்பியின் பெயர்ச்சீட்டு. எல்லாவற்றுக்கும் ஒரே கறுப்பு உறை போடும்போது அந்தப் பெயர்ச்சீட்டை நாமே கிழித்துவிடுகிறோம். அதனால் 24 பின்களையும் ஒரே நேரத்தில் கழற்றி மேசையில் பரப்பிவிட்டு வேலையைத் தொடங்காதீர்கள். ஒரு கம்பியைக் கழற்றுங்கள், உறை போடுங்கள், அதே துளையில் பூட்டுங்கள், பிறகு அடுத்ததற்குப் போங்கள். தொடங்குவதற்கு முன் இரு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் 24 பின் கனெக்டரில் 20ஆம் துளை காலியாக இருந்தால் பதற வேண்டாம். பழைய மைனஸ் 5 வோல்ட்டுக்கான இடம் அது, இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. 13ஆம் துளையில் ஒரே பின்னில் இரண்டு கம்பிகள் சேர்ந்து வந்தால் அதில் மெல்லியது 3.3 வோல்ட்டை அளந்து சொல்லும் உணர்கம்பி. அது பயனற்றது என்று நினைத்து வெட்டிவிடாதீர்கள்.

நூல்கண்டு:

பழையபெட்டி ஐயா, படங்கள் போனதை அறிந்து மிகவும் வருந்துகிறேன். நீங்கள் சொன்னபடியே ஒரு கம்பி, பிறகு அடுத்த கம்பி என்று செய்கிறேன். 24 பின் நீட்டிப்புக் கம்பி ஒன்று வாங்கிவிட்டேன். நேற்று இரவு மூன்று கம்பிகளுக்கு உறை போட்டேன், ஆனால் முனைகள் அழகாக அமையவில்லை. லைட்டரில் காட்டினால் நுனி கருகிக் கட்டியாகிறது, காட்டாமல் விட்டால் நூல் பிரிந்து தலைவிரி கோலமாக நிற்கிறது. சூட்டில் சுருங்கும் கறுப்பு ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டால் கனெக்டருக்கு மேலே நீளமாக ஒரு பட்டை தெரிகிறது. அது தெரியாமல் முடிப்பது எப்படி?

மின்கம்பி:

அந்த முனைதான் இந்த வேலையின் உயிர். அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பின்னலின் விளிம்பு பின்னின் கடைசி மடிப்பின் மேல், தோலைப் பிடித்திருக்கும் அந்த இரண்டாவது ஜோடியின் மேல், வந்து நிற்க வேண்டும். அதைத் தாண்டி முன்னே போனால் பின் துளைக்குள் நுழையாது. பின்தங்கினால் கம்பியின் உண்மை நிறம் எட்டிப் பார்க்கும். லைட்டரின் மஞ்சள் சுடரில் காட்டாதீர்கள், அதுதான் கரியைப் படிய வைக்கிறது. சுடரின் அடியில் உள்ள நீலப் பகுதியின் ஓரத்தில், தொட்டும் தொடாமலும் ஒரு நொடி காட்டுங்கள். வெள்ளை, சாம்பல் நிறங்களில் இந்த வேறுபாடு உடனே தெரியும். விளிம்பு பளபளப்பாகி, நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கண்ணாடி போல மினுங்கும். அந்த நொடியிலேயே எடுத்துவிட வேண்டும்.

இப்போது ஒரு சென்டிமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான ஹீட் ஷ்ரிங்க் துண்டை அந்த முனையின் மேல் ஏற்றிச் சூடு காட்டுங்கள். மூன்று மடங்கு அல்லது நான்கு மடங்கு சுருங்கும் வகையாக இருந்தால் நல்லது. அது சுருங்கும்போது இளகிய நைலானைப் பின்னின் மடிப்புகளோடு சேர்த்து அழுத்தும். ஆறிய பிறகு அந்தத் துண்டைப் பிளேடால் கீறி உரித்து எடுத்துவிடுங்கள். நைலான் மடிப்பின் மேல் இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கும், வெளியே குழாய் எதுவும் தெரியாது. கீறும்போது பிளேடு பின்னலுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் முனையை முடித்த பிறகு, பின்னலை மறுமுனை நோக்கி விரலால் நீவி நீவி இழுத்துவிட்டு, இறுக்கமாகப் பிடித்துக்கொண்டே இரண்டாவது முனையை வெட்டிச் சூடு காட்டுங்கள். தளர்வாக விட்டால் நாளடைவில் கம்பியின் நடுவே சுருக்கம் விழும். இன்னொன்று: உருகிய நைலானை விரலால் தேய்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அது தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

யாழ்கணினி:

நான் இரண்டு வகை உறையிலும் வேலை செய்திருக்கிறேன், ஆகையால் ஒப்பிட்டுச் சொல்லலாம். ஜெர்மனியின் எம்டிபிசி-எக்ஸ் போன்றவர்கள் கம்பிக்கென்றே தயாரிக்கும் உறை, விறைப்பான தனி இழைகளால் பின்னப்பட்டது. அது கம்பிக்கு ஒரு நேர்த்தியான நிமிர்வைக் கொடுக்கும், வளைத்த வளைவில் அப்படியே நிற்கும். பாராகார்ட் துணியைப் போன்றது. ஒளி அதில் பட்டுத் தெறிக்காது, கைக்கு மென்மையாக இருக்கும், குறுகிய கேபினெட்டில் எப்படி வேண்டுமானாலும் வளையும். தூசி சற்று அதிகமாகப் படியும் என்பது மட்டுமே குறை. வெள்ளை நிறத்தில் உள்ளே இருக்கும் மஞ்சள் கம்பி இலேசாக ஊடுருவித் தெரியும், அதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

நைலான் பாராகார்ட் என்றால், உள்புரிகளை உருவிய பிறகு சில நிமிடங்கள் வெந்நீரில் போட்டு எடுத்து, நிழலில் முழுமையாகக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். நைலான் வெப்பத்தில் நீளம் குறையும் இயல்புடையது. அந்தச் சுருக்கம் உங்கள் பாத்திரத்திலேயே நடந்து முடிந்துவிட்டால் பிறகு கேபினெட்டுக்குள் நடக்காது. அடர் நிறக் கயிறுகளில் உபரிச் சாயமும் அப்போதே வெளியேறிவிடும். நான் சிவப்புக் கயிற்றை ஊறவைத்த தண்ணீர் ரோஸ் மில்க் நிறத்துக்கு வந்துவிட்டது.

நூல்கண்டு:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். 24 பின் நீட்டிப்பும், பிராசஸருக்கான 8 பின் நீட்டிப்பும் முடிந்துவிட்டன. முதல் கம்பிக்கு ஏறத்தாழ 25 நிமிடம் ஆயிற்று. கடைசிக் கம்பிகளை ஏழு எட்டு நிமிடத்தில் முடிக்க முடிந்தது. முதலில் செய்த ஐந்தையும் உரித்துவிட்டு மீண்டும் செய்தேன். நீலச் சுடரின் ஓரத்தில் காட்டச் சொன்ன அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் இந்த வேலையைப் பாதியிலேயே கைவிட்டிருப்பேன்.

மதர்போர்டில் செருகுவதற்கு முன் ஓர் இரவு முழுவதும் சோதனைக்கே செலவிட்டேன். மல்டிமீட்டரைத் தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, ஒவ்வொரு துளைக்கும் மறுமுனையின் அதே துளையோடு ஒலி வருகிறதா என்று பார்த்தேன். அதோடு பக்கத்துத் துளைகளோடு ஒலி வராமல் இருக்கிறதா என்பதையும் பார்த்தேன். அப்போதுதான் ஒரு தவறு அகப்பட்டது. 10, 11 ஆகிய இரண்டும் 12 வோல்ட், அவற்றை அடுத்த 12 மட்டும் 3.3 வோல்ட். தூக்கக் கலக்கத்தில் 11ஐயும் 12ஐயும் ஒரு முனையில் மாற்றிப் பூட்டியிருக்கிறேன். இரண்டுமே கறுப்பு உறைக்குள் இருந்ததால் கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. பழையபெட்டி ஐயாவின் எச்சரிக்கையைப் படிக்காமல் இருந்திருந்தால், ஒரு கம்பி முடிந்த கையோடு ஒரே பார்வையில் திருப்தி அடைந்திருப்பேன்.

அதைச் சரிசெய்த பிறகு, மதர்போர்டில் இணைக்காமல், நீட்டிப்பின் மறுமுனையில் 16ஆம் துளையையும் ஒரு தரைத் துளையையும் சிறு கம்பியால் இணைத்து எஸ்எம்பிஎஸ்ஸை எழுப்பி வோல்ட்டேஜ் அளந்தேன். 12 வோல்ட் கம்பிகளில் 12.08, 5 வோல்ட் கம்பிகளில் 5.03, 3.3 வோல்ட் கம்பிகளில் 3.32 வந்தது. ஐந்து சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்ற விதிக்குள் எல்லாம் அடங்கிவிட்டன. இப்போது கணினி இயங்குகிறது, நான்கு மணி நேரம் பளு கொடுத்துப் பார்த்ததில் கனெக்டர்கள் கைக்கு வெதுவெதுப்பாகக்கூட இல்லை.

இரண்டு கேள்விகள் மட்டும் மிச்சம் இருக்கின்றன. கேபிள் சீப்பு (கம்பிகளை வரிசையாகப் பிடித்து நிறுத்தும் துண்டு) போட்டு வளைத்தபோது உள்பக்க வரிசை துருத்திக்கொண்டு நிற்கிறது, அதற்கு என்ன செய்வது? என் நண்பரிடம் 16 பின் கனெக்டர் உள்ள புதிய கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. அதற்கும் இதே முறையில் உறை போட்டுத் தரச் சொல்கிறார். செய்யலாமா?

ஓம்விதி:

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: செய்யாதீர்கள். 2022இல் வந்த அந்தக் கனெக்டர் 600 வாட் வரை தர வேண்டும். 12 வோல்ட்டில் அது 50 ஆம்பியர். ஆறு பின்கள் பகிர்ந்தாலும் ஒவ்வொன்றிலும் 8.3 ஆம்பியர் ஓடுகிறது. ஆனால் பின்களோ பழைய கனெக்டரில் உள்ளவற்றைவிடச் சிறியவை. நான் முன்பு சொன்ன அந்தத் தளர்ந்த கிரிம்ப்பின் 20 மில்லி ஓம் இங்கே ஒரே புள்ளியில் 1.4 வாட் ஆகிவிடும். தொழிற்சாலையில் செய்த கம்பிகளிலேயே கனெக்டர் உருகிய நிகழ்வுகள் வெளிவந்து, 2023இல் அதன் வடிவத்தையே திருத்த வேண்டியிருந்தது. அதில் ஸ்டேப்ளர் பின்னை விட்டுத் துழாவுவதற்கு இடமே இல்லை. உங்கள் நண்பருக்கு அவருடைய எஸ்எம்பிஎஸ் தயாரிப்பாளரே விற்கும் உறையிட்ட கம்பியைப் பரிந்துரையுங்கள்.

12.08 வந்தது நல்ல செய்தி, ஆனால் அது பளு இல்லாதபோது அளந்தது. கணினி முழு வேலையில் இருக்கும்போது, கனெக்டரின் பின்பக்கமாக மல்டிமீட்டரின் மெல்லிய முனையைத் தொட்டு இன்னொரு முறை அளந்து பாருங்கள். முனை வழுக்கிப் பக்கத்துக் கம்பியைத் தொடாதபடி கையை ஊன்றிக்கொண்டு செய்யுங்கள்.

மின்கம்பி:

நூல்கண்டு, உங்கள் உழைப்பைப் படிக்கும்போது மனம் நிறைந்துவிட்டது. சீப்புக்கு வருவோம். இரண்டு வரிசைக் கம்பிகளும் ஒரே நீளத்தில் இருப்பதே உங்கள் சிக்கலுக்குக் காரணம். வளைவில் வெளிவரிசை அதிகத் தூரம் பயணிக்க வேண்டும், உள்வரிசை குறைந்த தூரம். மிச்சமாகும் நீளம்தான் துருத்திக்கொண்டு நிற்கிறது. வரிசைகளுக்கு இடையே 5 மில்லிமீட்டர் இருந்தால், 90 டிகிரி வளைவுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 8 மில்லிமீட்டர்; முழுதாகத் திரும்பி வரும் வளைவுக்குச் சுமார் 16 மில்லிமீட்டர். நீங்களே கம்பி வெட்டிக் கிரிம்ப் செய்யும் நாள் வரும்போது, இந்தக் கணக்கின்படி உள்வரிசையைக் குட்டையாக வெட்டலாம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். சீப்புகளைக் கம்பியின் நடுவிலிருந்து மாட்டாமல், மதர்போர்டில் செருகும் முனையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு சீப்பையும் மாட்டியதும் உள்வரிசையின் மிச்சத்தை எஸ்எம்பிஎஸ் பக்கமாக நீவி விடுங்கள். எல்லா மிச்சமும் கடைசியில் கேபினெட்டின் பின்தட்டுக்கு அப்பால் போய்ச் சேரும், கண்ணாடிப் பக்கம் சீராக நிற்கும். முடித்த பிறகு இரண்டு கனெக்டர்களையும் இன்னொரு முறை அழுத்தி, பூட்டு முழுதாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சீப்பை நகர்த்தும் இழுப்பில் அது சில நேரம் அரைகுறையாக எழும்பிவிடும்.